0.02 சேதத்தில் விழுந்த விமானம்: இல்-2 போர்ப் பதிவுகளைப் படித்துப் பழகிய கதை

இல்-2 ஸ்டூர்மோவிக் 'கிரேட் பேட்டில்ஸ்' என்ற கணினி விமானச் சண்டை விளையாட்டு, கேட்டுக்கொண்டால், ஒவ்வொரு பறப்பிலும் நடந்த அடிதடியை வரி வரியாக எழுதிவைக்கும். விளையாட்டை நிறுவிய இடத்தில் 'டேட்டா' என்ற ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் 'ஸ்டார்ட்அப்' என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து, 'மிஷன் டெக்ஸ்ட் லாக்' என்ற வரியில் உள்ள பூஜ்யத்தை ஒன்றாக மாற்றிச் சேமித்தால் வேலை முடிந்தது. அடுத்த பறப்பிலிருந்து 'மிஷன் ரிப்போர்ட்' என்ற பெயரோடு, தேதியும் நேரமும் ஒட்டிய சிறு சிறு கோப்புகள் வந்து குவியத் தொடங்கும். நான் இதைச் சில ஆண்டுகளாக அணைக்காமல் வைத்திருக்கிறேன். பெங்களூரில் அல்சூர் பக்கம் என் வீடு. வார இறுதிகளில் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு கோவைக்கார நண்பரும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு தம்பியும் இணையம் வழியாகச் சேர்ந்துகொள்வார்கள். ஆட்டத்தை நடத்துவது என் கணினி என்பதால் பதிவும் என்னிடமே தங்கும். சண்டைக்குப் பிறகு வரும் வழக்குகளும் என்னிடமே வரும்.

முதலில் பார்ப்பவருக்கு இந்தப் பதிவு மிரட்டலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வரியும் 'டி' என்ற எழுத்தோடும் ஓர் எண்ணோடும் தொடங்குகிறது. அது நேரம். ஆனால் நொடிக் கணக்கு இல்லை, ஒரு நொடிக்கு 50 துடிப்பு என்ற கணக்கு. 41,250 என்று இருந்தால் 50ஆல் வகுக்க வேண்டும்: 825 நொடி, அதாவது ஆட்டம் தொடங்கிப் பதின்மூன்றே முக்கால் நிமிடம். அடுத்து 'ஏ-டைப்' என்ற வகை எண். 1 என்றால் குண்டு பட்டது. 2 என்றால் சேதம். 3 என்றால் அழிந்தது. 5 புறப்பாடு, 6 தரையிறக்கம். 10 என்பது வீரர் விமானத்தில் ஏறிய கணம், 4 என்பது அவர் பறப்பு முடிந்த கணம். 12 என்பது களத்தில் தோன்றிய ஒவ்வொரு பொருளுக்கும் போடப்படும் பிறப்புச் சான்று. அடித்தவரின் எண் ஒன்று, அடிபட்டவரின் எண் ஒன்று. அடித்தவர் இடத்தில் -1 என்று இருந்தால், அந்தச் சேதத்துக்கு விளையாட்டு யாரையும் பொறுப்பாக்கவில்லை என்று பொருள்.

இதில் எல்லோரும் முதலில் பாய்வது 2ஆம் வகை வரியில் உள்ள சேத எண்ணை நோக்கித்தான். 0.08, 0.31 என்று வரும். ஒன்று என்பது முழு அழிவு. ஆகவே கூட்டிப் பார்த்து, யாருடைய கூட்டுத்தொகை பெரியதோ அவரே வீழ்த்தினார் என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கூட்டல் மேல் நம்பிக்கை போய் நாளாகிவிட்டது. காரணம் எளியது: எந்த உறுப்பில் பட்டது என்று பதிவு சொல்வதே இல்லை. இறக்கையின் தகட்டைக் கிழித்த 0.3 உடன் வீடு வந்து சேரலாம். எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைத் துளைத்த 0.02 உடன் வர முடியாது. கூட்டுத்தொகையைவிட வரிகளின் வரிசையும் அவற்றுக்கு இடையே உள்ள மௌனமும்தான் நடந்ததைச் சொல்கின்றன.

ஸ்டாலின்கிராடு வரைபடத்தில் நடந்த ஒரு சண்டையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நான் ஓட்டியது மெஸ்ஸர்ஷ்மிட் 109 எஃப்-4 என்ற ஜெர்மானியப் போர் விமானம். எதிரே கணினி ஓட்டிய யாக்-1 என்ற சோவியத் போர் விமானம். துடிப்பு 41,250இல் என் பீரங்கியின் 20 மில்லிமீட்டர் வெடிக்கும் குண்டு ஒன்று அதன்மேல் பட்டது. 41,254இல் இன்னொன்று. 41,259இல் மூன்றாவது. நான்கைந்து துடிப்பு இடைவெளி எதைக் காட்டுகிறது? எஃப்-4இன் மூக்கில் இருப்பது ஒரே ஒரு எம்ஜி 151 பீரங்கி. நிமிடத்துக்குச் சுமார் 700 குண்டு கக்கும். நொடிக்குப் பன்னிரண்டு வரும், ஆக நான்கு துடிப்புக்கு ஒன்று. எனவே மூன்றும் அடுத்தடுத்த குண்டுகள், ஒன்றுகூட வீணாகவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அவ்வளவு கிட்டத்தில் போய்ச் சுட்டேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது. தொலைவிலிருந்து சுட்டால் இந்த இடைவெளி எட்டு, பதினாறு, முப்பது என்று கிழிந்த துணிபோல் ஆகிவிடும். குறிபார்ப்பதைச் சோதித்துக்கொள்ள, சுட்டதில் எத்தனை பட்டது என்ற விழுக்காட்டைவிட இந்த இடைவெளியையே நான் அதிகம் பார்க்கிறேன்.

மூன்று குண்டுக்கும் சேதம் 0.11, 0.08, 0.31. கூட்டினால் 0.50. பாதிதான். அதன் பிறகு அந்த யாக்கின் எண்ணுக்கு ஒரு வரிகூட இல்லை. பிறகு திடீரென்று 43,300இல் அழிவு வரி வருகிறது. இடையில் சுமார் 41 நொடி. வரியின் கடைசியில் இடத்தைக் குறிக்கும் மூன்று எண்கள் உண்டு. நடுவில் இருப்பது உயரம், மீட்டரில். குண்டு பட்டபோது 2,140. அழிந்தபோது 87, அதாவது ஏறக்குறையத் தரை. நாற்பத்தொரு நொடியில் இரண்டாயிரம் மீட்டர் என்றால் நொடிக்கு ஐம்பது. மூக்கு குத்திச் செங்குத்தாகப் பாய்ந்த விமானம் இதைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் இறங்கியிருக்கும். இது சுழன்றுகொண்டோ, யாரும் பிடிக்காத நிலையில் சரிந்துகொண்டோ இறங்கியது.

அப்படியானால் ஓட்டி எங்கே? பலர் தவறவிடும் இடம் இதுதான். விமானத்துக்கு ஓர் எண் இருப்பதுபோல் அதில் அமர்ந்திருக்கும் ஓட்டிக்கும் தனியாக ஓர் எண் உண்டு. 12ஆம் வகை வரிகளில் 'பாட் பைலட்' என்று தொடங்கும் பெயரைத் தேடினால், அது எந்த விமானத்துக்கு உரியது என்பதும் அதே வரியில் இருக்கும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு மறுபடி தேடினேன். 41,259இல், மூன்றாவது குண்டு பட்ட அதே துடிப்பில், ஓட்டிக்கு 0.4 சேதம். 18ஆம் வகை வரி, அதாவது குதித்துத் தப்பியதற்கான வரி, இல்லவே இல்லை. ஆக, படுகாயப்பட்ட ஓட்டி விமானத்தைப் பிடிக்க முடியாமல் போனதே இந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்பது என் முடிவு. விமானத்தின் எண்ணை மட்டும் தேடியவருக்கு 'பாதி சேதத்தில் ஏன் விழுந்தது' என்ற கேள்வி கடைசிவரை தீராது.

மாடி வீட்டு மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே பெங்களூரில் விமானம் தயாரிக்கும் எச்ஏஎல் நிறுவனத்தில் விமானப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விளையாட்டில் அவருக்கு அக்கறை இல்லை. காகிதத்தில் எடுத்த பதிவைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது இதுதான்: விமானத்தின் பதிவேட்டில் ஓட்டி எழுதுவது ஸ்நாக், அதாவது தனக்குத் தெரிந்த கோளாறு. அதற்கு எதிர்ப்பக்கத்தில் என்ன கண்டுபிடித்தோம், என்ன சரிசெய்தோம் என்று பழுதுபார்ப்பவர் எழுதுவார். "உன்னிடம் இருப்பது இடப்பக்கம் மட்டும்தான் தம்பி. வலப்பக்கத்தை நீதான் எழுத வேண்டும்" என்றார். அவர் வேலைக்குச் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே அந்த வளாகம் உண்மையான குண்டுத் துளைகளைப் பார்த்துவிட்டது. வால்சந்த் ஹீராசந்த் 1940இல் தொடங்கிய தொழிற்சாலையை 1943இல் அமெரிக்க ராணுவ வான்படை எடுத்துக்கொண்டு, தன் 84ஆவது ஏர் டிப்போவாக, அதாவது விமானப் பழுதுபார்ப்பு நிலையமாக, நடத்தியது. கேட்டலினா கடல் விமானங்களும் சி-47 சரக்கு விமானங்களும் இங்கே வந்து பழுது நீங்கிப் போயின. அந்த ஆட்களுக்குப் பட்டியல் கிடையாது, துளைதான் இருந்தது. நமக்குப் பட்டியல் இருக்கிறது, துளை இல்லை.

மாமாவின் இடப்பக்கம், வலப்பக்கம் எங்களுக்குப் பயன்பட்டது மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் இன்னொரு வகையான ஒரு 109 ஜி-2 விவகாரத்தில். தம்பி யாக்-1இல், கோவைக்கார நண்பர் இன்னொரு சோவியத் விமானமான லா-5இல். தம்பி சுட்டதில் 109க்கு 0.02 சேதம், ஒரே வரி. ஒரு நிமிடம் கழித்து நண்பர் சுட்டதில் மூன்று வரி, மொத்தம் 0.06. அதற்குப் பின் நான்கு நிமிட மௌனம். பிறகு 109 தரையில் மோதி அழிகிறது. அடித்தவர் இடத்தில் -1.

"அண்ணா, வெள்ளைப் புகை என் குண்டுக்குப் பிறகுதான் வந்தது, நீங்கள் வரும்போதே அது கசிந்துகொண்டிருந்தது" என்று தம்பி. "மூன்று மடங்கு அடித்தவன் நான், புகை யாருடையது என்று பெயரா எழுதியிருந்தது?" என்று நண்பர். 109இன் எஞ்சின் திரவக் குளிர்ப்பு கொண்டது. ரேடியேட்டரோ குழாயோ ஓட்டையானால் வெள்ளைக் கோடு விழும். சில நிமிடங்களில் எஞ்சின் சூடேறி நின்றுபோகும். பதிவில் அந்த நான்கு நிமிட மௌனம் இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. நண்பரின் லா-5இல் இருப்பது காற்றுக் குளிர்ப்பு எஞ்சின். அதே 0.02 அதன் முகப்பில் பட்டிருந்தால் இந்த முடிவு வந்திருக்காது. ஆகவே என் வலப்பக்கத்தில் தம்பியின் பெயரை எழுதினேன். நண்பர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

இருவரும் மனதார நம்பியே உரிமை கோரினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1940 செப்டம்பர் 15 அன்று பிரிட்டிஷ் வான்படை 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது. போருக்குப் பின் கணக்குப் பார்த்தபோது உண்மை எண்ணிக்கை அறுபதை ஒட்டியே இருந்தது. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டு, மூன்று பேரும் அது புகைவதைக் கண்டு, மூன்று பேரும் திரும்பி வந்து சொன்னால் அப்படித்தான் ஆகும்.

குறி எத்தனை விழுக்காடு என்று கணக்கிட விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. எஃப்-4 புறப்படும்போது 10ஆம் வகை வரியில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு 1,000, பீரங்கிக் குண்டு 200 என்று இருக்கும். 4ஆம் வகை வரியில் மிச்சம் இருக்கும். கழித்தால் செலவு கிடைத்துவிடும். அந்தச் செலவோடு 1ஆம் வகை வரிகளை எண்ணி வகுத்தால் விழுக்காடு வந்துவிடும் என்று தோன்றும். வராது. 'எக்ஸ்ப்ளோஷன்' என்ற பெயரிலும் வரிகள் வரும். அவை வெடிப்பின் தாக்கம், தனிக் குண்டு கிடையாது. அவற்றை நீக்கிவிட்டு, 'ஷெல்' என்று தொடங்குபவற்றைத் தனியாகவும் 'புல்லட்' என்று தொடங்குபவற்றைத் தனியாகவும் எண்ண வேண்டும். குண்டின் பெயரிலேயே நாடு, அளவு, துளைக்கும் வகையா வெடிக்கும் வகையா என்பதெல்லாம் அடங்கியிருக்கின்றன. தம்பி இதற்காகச் சிறு நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். நான் இன்னும் நோட்பேடில் தேடித்தான் படிக்கிறேன். நிரல் கொடுக்கும் அட்டவணையில் மௌனம் தெரிவதில்லை.

சங்கடங்களும் உண்டு. ஒரே பறப்புக்கான பதிவு பல துண்டுகளாக வருவதால் ஃபோல்டர் பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்தத் துண்டுகளே ஏப்ரல், மே மாத மாலைகளில் என்னைக் காப்பாற்றியிருக்கின்றன. கோடை மழைக்கு முன் காற்றடித்தவுடன் எங்கள் தெருவில் மின்சாரம் போய்விடும். கணினி அணைந்தாலும் அதுவரை எழுதிய துண்டுகள் தங்கிவிடுகின்றன. பொதுச் சர்வர்களில் விளையாடுவோருக்கு இந்த வசதி நேரடியாகக் கிடையாது. அங்கே பதிவு சர்வர் நடத்துபவரிடம் இருக்கும், அவர் வெளியிடும் புள்ளிவிவரத்தை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

வேறு விளையாட்டுகளோடு ஒப்பிட்டுச் சிலர் கேட்கிறார்கள். வார் தண்டரில் குண்டு எந்த உறுப்பைத் துளைத்தது என்று படமாகவே காட்டிவிடுவார்கள். பார்த்தவுடன் புரியும், அடுத்த கணம் மறந்தும் போகும். டிசிஎஸ் வேர்ல்டில் டாக்வியூ என்ற தனி மென்பொருளை வைத்து மொத்தச் சண்டையையும் முப்பரிமாணத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். வியூகத்தைக் கற்க அதற்கு ஈடில்லை. இல்-2 தொடரின் பழைய விளையாட்டுகளில் சேதமடைந்தது, வீழ்த்தப்பட்டது என்ற அளவில் பதிவு நின்றுவிடும், எண் இருக்காது. எண் இருந்ததால்தான் இத்தனை வம்பு என்று கோவைக்கார நண்பர் சொல்வார்.

இதை யாருக்குப் பரிந்துரைப்பேன்? தரையிறக்கமே இன்னும் கைவராதவர்களுக்கு வேண்டாம். அவர்கள் பதிவில் -1ஐத் தவிர வேறு எதுவும் பெரிதாக இருக்காது. ஓரளவு சுடத் தெரிந்து, ஏன் விழவில்லை, ஏன் விழுந்தேன் என்று கேட்கத் தொடங்கியவர்கள் உடனே இயக்கிவைக்கலாம். தொடக்கத்தில் எதிரியின் எண்ணை விட்டுவிட்டு, தன் எண்ணும் தன் ஓட்டியின் எண்ணும் அடிபட்டவர் இடத்தில் வரும் வரிகளை மட்டும் படிப்பது நல்லது. முதல் குண்டு பட்டதற்கும் இரண்டாவது பட்டதற்கும் நடுவே எத்தனை துடிப்பு கடந்தது, அத்தனை நேரம் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பார்த்தாலே பாதி விமானங்கள் பிழைத்துவிடும். பெரிய அப்டேட் வருவதற்கு முன் பழைய பதிவுகளைத் தனி ஃபோல்டரில் நகர்த்திவிடுங்கள். 2020இல் சேத மாதிரியைப் பெரிதாகத் திருத்தினார்கள். அதற்கு முந்தைய எண்களையும் பிந்தைய எண்களையும் ஒரே தாளில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.