தருமபுரியில் ஒரு நல்ல அச்சகம்

மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் வைக்க, நியூசிலாந்தின் முன்னாள் பிரதமர் ஹெலன் கிளார்க் பற்றிய விளக்கப் பலகைகளைத் தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்புறமுள்ள சிறிய அச்சகத்தில் கொடுத்தேன். மனநிறைவான வேலை.

நான் கொண்டுபோன எழுத்துரு அவர்கள் கணினியில் சிதைந்தது. ‘ஹெலன்’ என்ற பெயரில் கொம்பு ஒருபுறம், எழுத்து ஒருபுறம். வேறு கடையாக இருந்தால் அப்படியே அடித்துத் தள்ளியிருப்பார்கள். இங்கே தட்டச்சு செய்யும் பெண் முழுவதையும் மறுபடி அடித்தார். அடித்தபடியே, “அக்கா, பிரதமராக இருந்தவர் பிறகு ஏன் வேறு வேலைக்குப் போனார்?” என்று கேட்டார். 1999 முதல் நியூசிலாந்தை ஆண்டவர் 2008 தேர்தலில் தோற்றதையும், மறு ஆண்டே ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முதல் பெண் தலைவராகி 2017 வரை பணியாற்றியதையும் சொன்னேன். கேள்வியையே தலைப்பாக்கலாம் என்றார். அந்தப் பலகை முன்புதான் கூட்டம் அதிகம் நின்றது.

எனக்குப் பிடித்தது 1989 பலகை. கிளார்க் சுகாதார அமைச்சரான அதே ஆண்டில்தான், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நம் மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. இரண்டையும் அருகருகே அழகாக அமைத்துத் தந்தார்கள்.

லேமினேஷனில் ஓர் ஓரம் குமிழ் விட்டிருந்தது. காட்டியதும் கூடுதல் பணம் கேட்காமல் மாற்றினார்கள். திருமணப் பத்திரிகை வேலை குவியும் மாதங்களில் மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.