பட்டம் பெற்ற முன்னோரா, பரிசோதித்த செவிகளா?

இராஜபாளையம் இனப் பெட்டைக்கு இணை தேடும்போது இரண்டு ஆண் நாய்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் வம்சாவளிச் சான்றிதழில் நாய்க் கண்காட்சிகளில் முன்னோர் வென்ற சாம்பியன் பட்டங்கள் நிறைந்திருக்கின்றன. மற்றொன்றுக்குப் பட்டமே இல்லை, ஆனால் அதற்கும் அதன் உடன்பிறப்புகளுக்கும் செவித்திறன் பரிசோதனை முடிந்திருக்கிறது.

பட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உடற்கட்டு, நடை, நிறம், அந்நியர் கை படும்போது காக்கும் நிதானம் ஆகியவற்றை நடுவர்கள் நேரில் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அது சான்று. ஆயினும் கொள்ளுப்பாட்டன் சாம்பியனாக இருந்தாலும் குட்டியின் மரபில் அதன் பங்கு சராசரியாக 12.5 சதவீதமே, அதே பெயர் தாய்வழியிலும் தந்தைவழியிலும் திரும்பத் திரும்ப வந்தால், பெருமையோடு நெருங்கிய உறவில் இனச்சேர்க்கை செய்வதன் ஆபத்தும் கூடவே வருகிறது.

இந்த இனத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது காதுதான். தூய வெண்மைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த இவற்றில், உட்செவியில் நிறமிச் செல்கள் இல்லாமல் போவதால் பிறவிச் செவிடு ஏற்படுவதுண்டு. இரு காதும் கேளாத குட்டியைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் கேளாத குட்டியோ, பின்னால் தட்டைத் தட்டினால் திரும்பும், ஆனால் சத்தம் வந்த பக்கத்தைத் தவறவிட்டுத் தடுமாறும். வளர்ந்தபின் அந்தத் தடுமாற்றமும் மறைந்துவிட, கண்காட்சி வளையத்தில் எந்த நடுவரும் அதை அறிய வழியில்லை. மூளைத்தண்டின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் பரிசோதனைதான் அதை உறுதியாகக் காட்டும்.

ஆகவே நான் இரண்டாவது நாயையே தேர்ந்தெடுப்பேன். முதல் நாயின் உரிமையாளர் அதே பரிசோதனையைச் செய்து முடிவைக் காட்டினால், அன்றைக்கு அந்தப் பட்டங்களையும் சேர்த்து எடைபோடுவேன்.