ரெபேக்கா: பொய் சொல்லாமலே ஏமாற்றும் நாவல்

டாஃப்னி டு மாரியேயின் 'ரெபேக்கா' 1938-இல் வெளிவந்தபோது பதிப்பாளர் கோலன்ஸ் அதைக் காதல் கதை என்று சொல்லித்தான் விற்றார். எழுதியவரோ இது பொறாமையைப் பற்றிய நாவல் என்றே சொல்லிவந்தார். காதல் கதை என்று நம்பி வாங்குபவர்கள் நூறு பக்கத்துக்குள் சலித்துப்போவது இதனால்தான். வெறிபிடித்த பிரியம், மூடிவைத்த ரகசியம் என்று இன்று உளவியல் த்ரில்லர்கள் கையாளும் பல உத்திகள் இதில் முழு வளர்ச்சியுடன் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் இதன் அளவுக்கு நேர்மையாகச் செய்த நாவல்கள் குறைவு. வாசகரிடம் ஒரு பொய்கூடச் சொல்லாமல் முக்கால்வாசிப் புத்தகம் வரை நம்மைத் தவறான வழியிலேயே நடத்திச் செல்கிறது.

கதையின் தொடக்கம் எளிமையானது. மான்டி கார்லோவில் ஒரு பணக்கார அமெரிக்க அம்மாளுக்கு ஆண்டுக்கு 90 பவுன் சம்பளத்தில் துணைக்கு இருக்கும் 21 வயதுப் பெண், மனைவியை இழந்த மாக்ஸிம் டி விண்டரைச் சந்திக்கிறாள். அவருக்கு வயது 42. சில வாரங்களில் திருமணம். அவருடைய மாளிகையான மாண்டர்லிக்கு இரண்டாம் தாரமாக வந்து சேர்கிறாள். அந்த வீட்டின் ஒவ்வொரு அறையிலும் முதல் தாரமான ரெபேக்காவின் ஒழுங்கு அப்படியே நிற்கிறது. அவள் கடலில் மூழ்கி இறந்துவிட்டாள் என்கிறார்கள். கதையைச் சொல்லும் இந்தப் பெண்ணின் பெயர் கடைசி வரை நமக்குத் தெரிவதில்லை. அழகான, அபூர்வமான பெயர் என்று மாக்ஸிம் ஒரு முறை சொல்வதோடு சரி. இறந்தவளின் பெயர் தலைப்பிலேயே இருக்க, உயிரோடு இருப்பவளுக்குப் பெயரே இல்லை.

வெறியைக் காட்ட டு மாரியே பெரிய வசனங்களை நாடுவதில்லை. பொருட்களை எடுத்து வைக்கிறார். மாக்ஸிம் இரவல் தரும் கவிதைப் புத்தகத்தின் முதல் தாளில் ரெபேக்காவின் கையெழுத்து இருக்கிறது. மற்ற எழுத்துகளைவிட உயர்ந்து, சாய்ந்து நிற்கும் ஒரு 'ஆர்'. மான்டி கார்லோவிலேயே அந்தத் தாளைக் கிழித்து எரித்துவிட்டு நிம்மதியடைகிறாள் கதைசொல்லி. மாண்டர்லிக்கு வந்தால் அதே எழுத்து கைக்குட்டையில் இருக்கிறது, எழுதுமேசையில் இருக்கிறது, இரவு உடை உறையிலும் இருக்கிறது. காலை அறைத் தொலைபேசி மணி அடிக்கும்போது எடுத்து, திருமதி டி விண்டர் இறந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது என்று பதில் சொல்கிறாள். அழைத்தவர் கேட்டது இவளைத்தான். ஒரு சீனக் களிமண் பொம்மையை உடைத்துவிட்டு, வீட்டின் எஜமானியாக இருந்தும் வேலைக்காரி போலத் துண்டுகளை இழுப்பறையில் ஒளித்துவைக்கிறாள். இவை ஒவ்வொன்றும் அற்பமான சம்பவங்கள். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது, ஒரு பெண் தன் வீட்டிலேயே தன்னை இழந்துகொண்டிருப்பது தெரிகிறது. மாறுவேட நடனத்துக்கு முன் ஓர் இரவு உணவின்போது, மனத்துக்குள் ரெபேக்காவாகவே மாறி அவள் எப்படிப் பேசியிருப்பாள் என்று கற்பனை செய்கிறாள். அந்தச் சில நொடிகளில் அவள் முகம் மாறியதைப் பார்த்து மாக்ஸிம் கலங்கிப்போகிறார். வேகமாகப் படிப்பவர்கள் தவறவிடும் இடம் இது. நாவலின் நரம்பு அங்கேதான் ஓடுகிறது.

இன்றைய த்ரில்லர்களில் கதைசொல்லி தனக்குத் தெரிந்ததை வாசகரிடம் மறைப்பது வழக்கமாகிவிட்டது. கடைசியில் திருப்பம் வரும்போது, நம்மை வேண்டுமென்றே இருட்டில் வைத்திருந்தார்கள் என்ற எரிச்சல் மிஞ்சுகிறது. இங்கே அப்படி இல்லை. தான் பார்த்ததையும் கேட்டதையும் கதைசொல்லி பார்த்த, கேட்ட நேரத்திலேயே சொல்லிவிடுகிறாள். அதற்கு அவள் கொடுக்கும் அர்த்தம் மட்டும் தவறு. எஸ்டேட் மேலாளர் ஃபிராங்க் கிராலியிடம் ரெபேக்கா அழகாக இருந்தாளா என்று கேட்கிறாள். தன் வாழ்நாளில் கண்டவர்களிலேயே மிக அழகானவள் என்று அவர் தயக்கத்தோடு சொல்கிறார். அந்தத் தயக்கத்தை அவள் துக்கம் என்று எடுத்துக்கொள்கிறாள். கடற்கரைக் குடிலைப் பற்றிப் பேச்செடுத்தாலே மாக்ஸிமுக்குக் கோபம் வருகிறது. அதையும் துக்கம் என்கிறாள். மனவளர்ச்சி குன்றிய பென், ரெபேக்காவைப் பாம்போடு ஒப்பிட்டுப் பேசுவதைப் பிதற்றல் என்று ஒதுக்குகிறாள். 'அவர் இன்னும் அவளைத்தான் நேசிக்கிறார்' என்ற ஒரே முடிவுக்கு எல்லாச் சாட்சியையும் இழுத்துப்போகிறது பொறாமை. நாமும் அவளோடு சேர்ந்து அப்படியே படிக்கிறோம். ரகசியத்தை மூடிய திரை பொறாமையால் நெய்யப்பட்டது என்பதுதான் இந்நூலின் ஆகப்பெரிய கைத்திறன். இரண்டாம் முறை படிக்கும்போது முதல் முறையைவிட அதிகம் பதறவைப்பதும் அதனால்தான்.

மிஸஸ் டான்வர்ஸைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வீட்டு நிர்வாகம் பார்ப்பவள், ரெபேக்காவைச் சிறுவயதிலிருந்து வளர்த்தவள். அவளைப் பேய் போன்ற வில்லியாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் 14-ஆம் அத்தியாயத்தைத் திரும்பப் படிக்கலாம். ரெபேக்காவின் மேற்குப்பக்க அறையை இன்றும் தினமும் துடைத்துவைக்கிறாள். கதைசொல்லியைப் பிடித்து இரவு உடையைத் தொடவைக்கிறாள், செருப்புக்குள் கையை நுழைக்கச் சொல்கிறாள், வெல்வெட் உடையைக் கன்னத்தில் உரசிப்பார்க்கச் சொல்கிறாள், தலைவாரும் சீப்புகளைக் காட்டுகிறாள். குரலில் மிரட்டல் இல்லை, பாசம் வழிகிறது. பயமே அந்தப் பாசத்தில்தான் இருக்கிறது. இறந்தவளைத் துக்கத்தால் உயிரோடு வைத்திருக்கும் பெண்ணும், பொறாமையால் உயிரோடு வைத்திருக்கும் பெண்ணும் ஒரே படுக்கையறையில் நிற்கிறார்கள். 18-ஆம் அத்தியாயத்தின் ஜன்னல் காட்சியில் டான்வர்ஸின் பேச்சு இவள் மனத்துக்குள் இவ்வளவு சுலபமாக இறங்குவதற்குக் காரணம், அதே வார்த்தைகளை இவள் தனக்குத்தானே ஏற்கெனவே சொல்லிவைத்திருப்பதுதான்.

குறைகளுக்கு வரலாம். முதல் ஆறு அத்தியாயங்கள் மெதுவாக நகர்கின்றன. மாண்டர்லி வாசலைத் தொடுவதே ஏழாவதில்தான். பூக்கள், மூடுபனி, தேநீர் மேசையில் வரிசையாக அடுக்கிய பலகாரங்கள் என்று வருணனை நீளும். கணவர் பிரவுனிங்கின் ராணுவப் பணிக்காக எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்தபோது டு மாரியே எழுதத் தொடங்கிய நாவல் இது. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரை ஏக்கம் வரிக்கு வரி தெரியும். மாண்டர்லிக்கு மூலமான மெனபில்லி வீட்டில் அவர் அப்போது குடியிருக்கவில்லை. 1943-இல்தான் அதைக் குத்தகைக்கு எடுத்துக் குடியேறினார். ஆக, அந்த வீட்டின்மேல் அவருக்கிருந்த தீராத ஆசையும் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் வருணனைகள் சுமையாகத் தோன்றாது. தெரிந்தும் சலித்தால் பூக்களைத் தாண்டிப்போங்கள். வேலைக்காரர்களின் பேச்சையும் வீட்டுப் பொருட்களையும் மட்டும் தாண்டாதீர்கள். துப்புகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கின்றன. கதைசொல்லியின் கூச்சமும் சில இடங்களில் அளவுக்கு மீறுகிறது. நடனத்துக்கு முந்தைய இரண்டு மூன்று அத்தியாயங்களைச் சுருக்கியிருக்கலாம்.

இங்கிருந்து ரகசியம் உடைகிறது. இன்னும் படிக்காதவர்கள் கடைசி இரண்டு பத்திகளுக்குத் தாவிவிடுங்கள்.

நடனத்துக்கு மறுநாள் மூடுபனியில் ஒரு கப்பல் தரைதட்ட, அடியில் இறங்கிய நீர்மூழ்குபவர் ரெபேக்காவின் படகைக் கண்டுபிடிக்கிறார். படகின் அறைக்குள் ஒரு சடலம். அப்படியானால், இரண்டு மாதம் கழித்து எட்ஜ்கூமில் கரையொதுங்கி, மாக்ஸிம் தனியாகப் போய் அடையாளம் காட்டி, குடும்பக் கல்லறையில் வைத்த பெண் யார்? 19, 20-ஆம் அத்தியாயங்களில் மாக்ஸிமே சொல்லிவிடுகிறார்: ரெபேக்காவைச் சுட்டது அவர். அவளை அவர் நேசித்ததே இல்லை. அவளுடைய உண்மைக் குணம் மணமான ஐந்தே நாளில், மான்டி கார்லோ அருகே ஒரு மலைமுகட்டில் தெரிந்துவிட்டது. வீட்டின் கௌரவத்துக்காக வெளியுலகத்துக்கு நல்ல தம்பதியாக நடித்தார்கள். கதைசொல்லியை முதல் நாட்களில் அவர் காரில் கூட்டிப்போய் நிறுத்தியது அதே மலைமுகடு. நான்காம் அத்தியாயத்திலேயே சாட்சியை நம் கையில் கொடுத்துவிட்டார் ஆசிரியர்.

அதைவிடப் பயங்கரமானது கதைசொல்லியின் எதிர்வினை. தன் கணவன் ஒரு கொலைகாரன் என்று கேட்ட அந்த நிமிடத்தில் அவள் மனம் பிடித்துக்கொள்வது, 'அவர் ரெபேக்காவை நேசிக்கவில்லை' என்பதை மட்டும்தான். அவள் முதல்முறையாகச் சந்தோஷப்படுகிறாள். நாமும் கூடவே ஆறுதலடைகிறோம். பிறகு வரும் விசாரணையில் மாக்ஸிம் தப்பவேண்டும் என்று நகம் கடித்துக்கொண்டு பக்கம் புரட்டுகிறோம். ஒரு பெண்ணைக் கொன்றவனுக்காக இப்படி ஏங்கவைத்ததே இந்த நாவலின் உண்மையான அதிர்ச்சி. ரெபேக்கா கெட்டவள் என்பதற்குக் கொலை செய்தவர் வாய்மொழிதான் முதல் ஆதாரம். அவளைக் காதலித்தவர்களும் வெறுத்தவர்களும் மட்டுமே பேசுகிறார்கள், அவள் தரப்பைச் சொல்ல ஒரு வரியும் கிடையாது. இந்தச் சந்தேகத்தை ஆசிரியர் தீர்த்துவைப்பதில்லை. தீர்க்காமல் விட்டது சரி என்பதே என் கணிப்பு.

விசாரணைப் பகுதி கச்சிதமானது. படகு கட்டும் டாப் கொடுக்கும் சாட்சியத்தில் எல்லாம் தலைகீழாகிறது: பலகையில் ஓட்டைகள் உள்ளிருந்து போடப்பட்டவை, கடல்நீர் வால்வுகள் திறந்திருந்தன. தீர்ப்பு தற்கொலை என்று வந்ததும் ரெபேக்காவின் உறவினன் ஃபேவெல் ஒரு கடிதத்தோடு மிரட்ட வருகிறான். சாகப்போகிறவள் எழுதுகிற கடிதமா இது என்ற அவன் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதிலாக வருவது லண்டன் மருத்துவர் ஒருவரின் குறிப்பேடு. ரெபேக்காவுக்குத் தீராத புற்றுநோய் இருந்தது என்ற அந்தச் செய்தி எல்லா முடிச்சையும் ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடுகிறது. அந்த நோய்க்கான துப்பை அதுவரை போதுமான அளவு ஊன்றவில்லை. மற்றதையெல்லாம் இவ்வளவு பொறுமையாக விதைத்தவரிடமிருந்து இது ஏமாற்றம். அவள் மாக்ஸிமைத் தூண்டி, தன்னைச் சுடவைத்தே சாக நினைத்தாள் என்ற எண்ணம் மட்டும் இந்த வசதியான முடிவுக்குக் கொஞ்சம் விஷம் ஏற்றுகிறது.

வாங்குபவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். முழு நாவல் 27 அத்தியாயம், சாதாரண அச்சில் சுமார் 400 பக்கம். 150 பக்கத்துக்குள் முடியும் பதிப்பு கையில் கிடைத்தால் அது மாணவர்களுக்காகச் சுருக்கிய பதிப்பு. கதை மட்டும் இருக்கும், மேலே சொன்ன பொருட்கள் எல்லாம் போயிருக்கும். செவ்வியல் வரிசைப் பதிப்புகளின் முன்னுரைகள் ரகசியத்தைத் தயக்கமில்லாமல் சொல்லிவிடுவது வழக்கம். அவற்றைக் கடைசியில் படியுங்கள். ஆங்கிலம் கடினமில்லை, வாக்கியங்கள் நீளமானாலும் சொற்கள் எளியவை. கேட்கும் புத்தகம் விரும்புவோருக்கு ஆனா மாஸி வாசித்த சுருக்கப்படாத பதிவு, சுமார் 15 மணி நேரம். அவர் 1979 பிபிசி தொடரில் மிஸஸ் டான்வர்ஸாக நடித்தவர் என்பதால் அந்த அம்மாளின் வரிகள் காதில் இறங்கும் விதமே வேறு. முதல் இரண்டு அத்தியாயங்கள் கதை முடிந்த பிறகான வாழ்க்கையைச் சொல்பவை. முதலில் பின்னுரையாக எழுதி, பிறகு முன்னுக்கு நகர்த்தியவை அவை. முடித்த கையோடு அவற்றை மறுபடி படித்துவிடுங்கள். முதலில் மங்கலாக இருந்த ஒவ்வொரு வரிக்கும் அப்போது பொருள் கிடைக்கும்.

படங்களை நாவலுக்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது. ஹிட்ச்காக்கின் 1940 படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. ஜூடித் ஆண்டர்சனின் டான்வர்ஸ் நடப்பதைக் கூடுமானவரை காட்டாமல், திரும்பினால் அங்கே நிற்பதாகவே வைத்திருப்பார். ஆனால் அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி முக்கியமான ஓர் இடத்தை மாற்றவைத்தது. நாவல் நம்மிடம் கேட்கும் கடினமான கேள்வி அந்த மாற்றத்தால் படத்தில் இல்லாமலே போய்விட்டது. இந்தியில் 1964-இல் வந்த 'கோஹ்ரா' இதே கதையின் தழுவல், வஹீதா ரஹ்மான் நடித்தது. 2020-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட பதிப்பில் உடைகளும் கடற்கரையும் அழகு, ஆனால் கதைசொல்லியின் பயம் முகத்தில் ஏறவில்லை. மூன்றில் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் ஹிட்ச்காக்கின் படத்தைப் பாருங்கள்.