நேட்டாலுக்குப் போன பூட்டனின் பிற்காலம்: ஃபேமிலிசர்ச் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்கள் வழிவந்த குடும்பங்களின் தேடல் பெரும்பாலும் கப்பல் பட்டியலோடு நின்றுவிடுகிறது. தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை அதிலேயே கிடைத்துவிடுவதால் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஐந்து வருட ஒப்பந்தம் தீர்ந்தபின் அவர் எங்கே குடியிருந்தார், யாரை மணந்தார், எந்த மண்ணில் கண்மூடினார் என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை. அதற்கு, முன்னோர் பற்றிய பழைய பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளம் கைகொடுக்கும். எந்த வாசல் வழியே நுழைவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தளம் இலவசம். மார்மன் திருச்சபை நடத்துவது. கணக்குத் தொடங்கினால் போதும். நமக்கு வேண்டியது 1846 முதல் 1950 வரையிலான, நேட்டாலின் தலைநகரான பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் சொத்துக் கோப்புகள், அதாவது இறந்தவர்களின் சொத்து பற்றிய கோப்புகள். ஒவ்வொரு கோப்பிலும் உயில், கணக்கு என்று பல தாள்கள் இருக்கலாம். முதலில் தேட வேண்டியது மரண அறிவிப்புப் படிவம். இறந்தவர் பெயர், பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், வயது, தொழில், கணவன் அல்லது மனைவி, இறந்த நாள், இடம், பிள்ளைகளின் பெயர்கள், அவர்கள் மேஜரா மைனரா, அசையும் சொத்து, அசையாச் சொத்து எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறு ஆவணம் நேட்டால் தமிழர்களுக்குக் கிடைப்பது அரிது.

படிவத்தின் அடியில் கையெழுத்து அல்லது கைநாட்டு வைத்தவர் யார், சாகும்போது அவர் உடனிருந்தாரா என்பதைக் கட்டாயம் பாருங்கள். மகன் சொன்ன பாட்டன் பெயரை நம்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது ஊகமாக இருக்கும். வயது எப்போதும் உத்தேசம்தான், பத்து வருடம் முன்பின் வரும். பிறந்த இடத்தில் வெறுமே ‘மெட்ராஸ்’ என்று எழுதியிருந்தால் அது ஊர் அல்ல, மாகாணம்.

தளத்தின் பலவீனம் அதன் பெயர்த் தேடல் பெட்டி. ஆங்கில எழுத்தர் காதால் கேட்டு எழுதிய பெயர்கள் இவை. முனுசாமி என்பது ‘மூன்சாமி’ ஆகும். கவுண்டர் ‘கவுண்டன்’ என்றும் ‘கோவெண்டர்’ என்றும், முதலியார் ‘மூட்லி’ என்றும், படையாச்சி ‘படயாச்சி’ என்றும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வரும். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளில் ஒருவர் சாதிப் பெயரையும் மற்றவர் தகப்பன் பெயரையும் குடும்பப் பெயராக வைத்திருப்பது சாதாரணம். அதனால் பெயரை முழுதாக அடிக்காதீர்கள். ஐயமான ஓர் எழுத்துக்குக் கேள்விக்குறி, பல எழுத்துகளுக்கு நட்சத்திரக்குறி போடுங்கள்.

இதைவிட நல்ல வழி, தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் தொடங்குவது. அதில் பீட்டர்மரிட்ஸ்பர்க் காப்பகத்தின் குறியீடு ‘என்ஏபி’ (NAB). விடையில் மூலம் ‘எம்எஸ்சிஇ’ (MSCE) என்றிருந்தால் அது சொத்துக் கோப்பு. ‘ஐஐ’ (II) என்றிருந்தால் இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்பு. அட்டவணையில் ஆவணப் படம் கிடையாது, கோப்பு எண்ணும் ஆண்டும் மட்டுமே. சொத்துக் கோப்பின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஃபேமிலிசர்ச்சுக்கு வந்து, பெயரை விட்டுவிட்டு அந்த எண் வரும் படத் தொகுதியைத் திறந்து புரட்டுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பெட்டியில் சிக்காதவர்கள் இப்படித்தான் சிக்குவார்கள். குடியேற்றத் துறைக் கோப்பு என்றால் காப்பகத்துக்கே எழுதி நகல் கேளுங்கள்.

2024-இல் ஃபேமிலிசர்ச்சில் வந்த முழு உரைத் தேடல் கையெழுத்தையும் இயந்திரமே படித்துத் தருகிறது. எல்லாத் தொகுப்புகளும் அதில் சேர்க்கப்படவில்லை. சேர்ந்தவற்றில் மட்டும், பெயரோடு தோட்டத்தின் பெயரையோ காலனி எண்ணையோ (அதைப் பற்றிக் கீழே) கூட்டல் குறி போட்டுச் சேருங்கள். பேரப்பிள்ளையின் உயிலில் ஓரமாக வரும் தாத்தாவின் பெயர்கூட அகப்படலாம்.

காலனி எண்ணை அவர் இறங்கிய நாளிலேயே கொடுத்தார்கள். பெயர் எத்தனை விதமாகத் திரிந்தாலும் எண் மாறாது. பெருமாளும் முனியம்மாவும் நூற்றுக்கணக்கில் இருக்கும் பதிவுகளில் எண்ணாவது தகப்பன் பெயராவது பொருந்தாமல் ஒருவரை உங்கள் பூட்டன் என்று முடிவுகட்டாதீர்கள். பொருந்தக்கூடும் என்று தளம் தானாகக் காட்டும் ‘குறிப்பு’களை அப்படியே ஏற்பதால்தான் இரண்டு பேரின் வாழ்க்கை ஒன்றாகக் கலக்கிறது. அங்குள்ள குடும்ப மரம் எல்லோருக்கும் பொது, யாரும் திருத்தலாம். ஆகவே சொந்தப் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். படத்தை இறக்கி, தொகுதி எண்ணையும் பட எண்ணையும் உங்கள் கணினிக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். தளத்தில் கேமரா சின்னத்தின் மேல் சாவி தெரிந்தால் அந்தப் படம் வீட்டிலிருந்து திறக்காது. ஃபேமிலிசர்ச் மையத்துக்கோ இணைப்பு நூலகத்துக்கோ போக வேண்டும்.

பெண்களைத் தேடுவோருக்கு ஒரு சொல்: மனைவியின் பெயரில் தனிக் கோப்பு பெரும்பாலும் இருக்காது. கணவன் கோப்பிலும் மகன் கோப்பிலும் தேடுங்கள். நிலமோ கடையோ சேர்க்காத ஆண்களுக்கும் கோப்பு இல்லாமற்போகலாம்.

எங்குமே அகப்படாவிட்டால் அவர் நேட்டாலில் சாகாமல் இருந்திருக்கலாம். 1895-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டத்துக்குப் பின் வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் மறு ஒப்பந்தம் செய்யவேண்டும், அல்லது ஊர் திரும்பவேண்டும், இல்லையேல் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டவேண்டும். 1914-இல் வரி நீங்கும்வரை பலரை இது கப்பலேற்றியது. ஆகவே ‘ஐஐ’ கோப்புகளில் அவர் காலனி எண்ணைத் தேடுங்கள். பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலுக்குப் போயிருக்கக்கூடும் என்றால் பிரிட்டோரியா காப்பகத்தின் ‘டிஏபி’ (TAB) குறியீட்டிலும் அதே பெயர் வடிவங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.