ஈக்கோ ஸ்கூல்ஸ் திட்டம்: எங்கள் பள்ளியின் இரண்டு வருட அனுபவம்

பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுக்கு அறிவியல் போதிக்கிறேன். பள்ளிகளுக்கான சுற்றுச்சூழல் திட்டமான ஈக்கோ ஸ்கூல்ஸில் நாங்கள் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சேரலாமா என்று மற்ற பள்ளி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். தாராளமாகச் சேருங்கள்.

1994இல் ஐரோப்பாவில் தொடங்கிய திட்டம் இது. மலேசியாவில் 2011 முதல் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நடத்துகிறது. விருதுகள் மூன்று நிலை: வெண்கலம், வெள்ளி, அப்புறம் பச்சைக்கொடி. பள்ளி செய்ய வேண்டியது மொத்தம் ஏழு படிகள். முதலில் மாணவர்களைக் கொண்ட குழு அமைக்க வேண்டும். அடுத்தது பள்ளியை ஆய்வு செய்வது. என்னைக் கேட்டால், திட்டத்தின் உயிரே இந்த ஆய்வில்தான் இருக்கிறது.

எங்கள் குழுவில் இரண்டு சிறுமிகள் கழிப்பறைக்குப் பின்னால் ஒழுகும் பைப்பைக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் ஆசிரியர்கள் தினமும் கடந்து போகும் இடம். ஓய்வு நேரத்தில், காலை பத்து மணிக்கு அதன் அடியில் பத்து லிட்டர் வாளியை வைத்தார்கள். ஒரு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது வாளி நிறைந்திருந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அவர்களே கணக்குப் போட்டார்கள்: 80 லிட்டர்! அந்தக் காகிதத்தோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனார்கள். மறுநாளே வாஷர் மாற்றியாயிற்று. செய்வதைப் பாடத்தோடு இணைப்பதும் ஏழு படிகளில் ஒன்று. அதற்கு நான் தனியாக எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை.

சிற்றுண்டிச்சாலைதான் கடினம். பொலிஸ்டைரின் டப்பாவை நிறுத்தச் சொன்னபோது, தட்டு கழுவ இன்னொரு ஆள் வேண்டுமே என்றார் அங்கு சமைக்கும் அக்கா. அவர் சொன்னது நியாயம். அதனால் பிள்ளைகள் புதன்கிழமைகளில் வீட்டிலிருந்து சொந்த உணவு டப்பா கொண்டு வருகிறார்கள். கடைகளில் எல்லா நாளும் இலவச பிளாஸ்டிக் பை இல்லை என்றான 2011 முதல் கடைக்குப் பையோடு போய்ப் பழகிய பினாங்குப் பெற்றோர்கள் இதை எதிர்க்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: கோப்பு வேலையை ஒரே ஆசிரியரின் தலையில் கட்டாதீர்கள். நான் பிரசவ விடுப்பில் போன மூன்று மாதங்களும் எங்கள் குழு கூடவே இல்லை. இப்போது மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறோம்.

நான் பார்த்த சில பள்ளிகளில் மதிப்பீட்டுக்கு ஒரு வாரம் முன்பு சுவரில் மரம் வரைந்து, பழைய டயருக்கு வண்ணம் பூசி வைக்கிறார்கள். அங்கே மாணவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

எங்களுக்கு வெண்கலம் கிடைத்துவிட்டது. சிற்றுண்டிச்சாலையில் ஐந்து நாளும் பொலிஸ்டைரின் டப்பா இல்லை என்ற நிலை வந்த பிறகுதான் வெள்ளிக்கு விண்ணப்பிப்பது என்று பிள்ளைகள் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள்.