"சாலிடர் வெச்சாச்சு, ஆயுசுக்கும் போகாது" என்றால் நம்பிவிடாதீர்கள்

ஒற்றை சிலிண்டர் டீசல் லோடு ஆட்டோவுக்கு ஃபாக் லைட் மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு. இரண்டு 55 வாட் விளக்கு, ரிலே, சுவிட்ச் எல்லாம் மாட்டி, தலைப்பில் உள்ள உத்தரவாதத்தையும் கொடுத்துக் காசு வாங்கியது ஒரு ஆக்சஸரீஸ் கடை. மூன்றாவது வாரமே இடது விளக்கு மினுக்கியது, அப்புறம் அணைந்தது. போய்க் கேட்டால், "பல்பு போயிடுச்சு" என்று இன்னொரு பில். பல்பில் ஒரு கோளாறும் இல்லை.

டேப்பைப் பிரித்தால் எஞ்சின் சூட்டில் பசை இளகிக் கையெல்லாம் கருப்பு. உள்ளே ஜாயிண்ட் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. சாலிடர் முடிகிற இடத்தில்தான் இழைகள் பிளேடால் நறுக்கியதுபோல அறுந்திருந்தன. உருகிய சாலிடர் இழைகளுக்குள் ஊறிக் கொஞ்ச தூரம் ஓடும். அதுவரை ஒயர் விறைத்துவிடும், அதைத் தாண்டினால் வளையும். அதிர்வு முழுக்க அந்த எல்லையிலேயே விழுந்து, இழை ஒவ்வொன்றாக அறுகிறது. சாலிடரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பக்கத்தில் ஒரு கிளிப்கூட இல்லாமல் ஒயரைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

இந்த வேலைக்குப் பல இழை 2.5 சதுர மி.மீ. ஆட்டோ ஒயர் கேளுங்கள். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டவே வேண்டாம். 7 மி.மீ. அளவு தோலுரித்து, இழை ஒன்றுகூட வெட்டுப்படாமல் சாலிடருக்குப் பதில் நீல நிற ஸ்லீவில் (இரண்டு ஒயர் முனையையும் சேர்க்கும் சின்ன உலோகக் குழாய்) நுழைத்து, ராட்செட் கிரிம்பிங் டூலால் (முழு அழுத்தம் விழுந்த பிறகே விடுகிற இடுக்கி) அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரில் நசுக்கினால் ஸ்லீவ் தட்டையாகுமே தவிர இழையைப் பிடிக்காது. அழுத்தியதும் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள், உருவிக்கொண்டு வந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். அதன் மேல், உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போடணும். சூடாக்கும்போது இரு முனையிலும் பசை பிதுங்கினால்தான் தண்ணீர் போகாது. ஜாயிண்டின் இரு பக்கமும் கிளிப் போட்டு சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) கட்ட வேண்டும். எஞ்சினிலிருந்து சேசிஸுக்குத் தாவும் ஒயருக்குத் தளர்வாக ஒரு வளைவு விடணும்.

இந்த வண்டியில் எர்த் ஒயரை (விளக்கிலிருந்து கரண்ட் சேசிஸ் வழியாகத் திரும்பும் இணைப்பு) பெயிண்ட் மேலேயே முடுக்கியிருந்தார்கள். இரண்டு விளக்கும் சேர்ந்து 9 ஆம்பியர் இழுக்கும். அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே 0.9 வோல்ட் போய்விடும், 8 வாட் சூடு அங்கேயே கிளம்பும். பெயிண்டைச் சுரண்டி, ரிங் லக் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்), ஸ்டார் வாஷர் (பல் வைத்த வாஷர்) வைத்து முடுக்கணும். பேட்டரிக்குப் பக்கத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் அதுவும் இல்லை.

காசு கொடுக்கும் முன் எஞ்சினை ஐடிலில் விட்டு, விளக்கைப் போட்டு, ஒவ்வொரு ஜாயிண்டையும் அசைத்துப் பாருங்கள். ஒருமுறை மினுக்கினாலும் வண்டியை எடுக்காதீர்கள்.