தெரு முனை வாடகை நூலகம்: சேவை அருமை, புது அலமாரிதான் கவலை

திருச்சியில் எங்கள் தெரு முனையில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்த வாடகை நூலகம். அம்மா இங்கே 25 வருட உறுப்பினர். அவருக்கு முழங்கால் வலி வந்தபின் மூன்று மாதமாக நான்தான் போய் எடுத்து வருகிறேன். முன்பணம் 500 ரூபாய். வாடகை, புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு. 250 ரூபாய் நாவல் என்றால் 25 ரூபாய்க்குப் பத்து நாள் வைத்துக்கொள்ளலாம். பைண்டிங் எல்லாம் கெட்டி. யார் எதைப் படித்து முடித்தார்கள் என்பது கடை நடத்தும் அக்காவுக்கு மனப்பாடம். போனில் சொன்னால் பையில் போட்டு எடுத்து வைத்துவிடுவார்.

என் கவலை வாசலை ஒட்டிய புது அலமாரி பற்றியது. இணையத்தில் தொடராக வந்து அச்சான காதல் நாவல்கள் அதில் இருக்கின்றன. எட்டு எடுத்தேன். ஐந்தில் நாயகியின் சம்மதம் இல்லாமலே தாலி ஏறுகிறது. ஒன்றில் மண்டபத்திலிருந்தே அவளைக் கடத்துகிறான். ஆறில் அறைகிறான், அறைந்த கையாலேயே மருந்து போடுகிறான், அவள் உருகிப் போகிறாள்.

நான் வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் போடும் மனுக்களை மாதத்துக்கு நாலைந்தாவது அடிக்கிறேன். போனைப் பிடுங்கினார், வேலைக்குப் போகவிடவில்லை, அறையில் வைத்துப் பூட்டினார். பகலில் அடித்த அதே வரிகள் ராத்திரி கதையில் ‘அவள் மீது அவனுக்குள்ள உரிமை’ என்று வரும்போது என்னால் மேலே படிக்க முடிவதில்லை. கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்த ஒரு பெண்ணைக் கடத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 87ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. ஆனால் 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வல்லுறவு செய்தால் அதை நம் சட்டம் இன்றும் வல்லுறவுக் குற்றமாக எண்ணுவதில்லை. அந்த ஓர் இடத்தில் சட்டமும் இந்தக் கதைகளும் ஒரே பக்கம் நிற்பதுதான் எனக்குப் பயம்.

ஒரு நாயகி சிவில் இன்ஜினியர். முதல் அத்தியாயத்தில் பாலம் கட்டும் இடத்தில் நிற்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறம் சமையலறைதான். வேலையை விட்டதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. எழுதுவதும் படிப்பதும் பெரும்பாலும் பெண்களே என்பதால் கூடுதலாக வலிக்கிறது.

எட்டில் ஒன்று நல்ல நாவல். அவன் அவளிடம் கேட்கிறான், அவள் யோசிக்க ஒரு மாதம் கேட்கிறாள், அவன் காத்திருக்கிறான். எட்டிலும் காதல் கூடி வந்தது எனக்கு இதில்தான்.

சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் புது அலமாரி முன்னால்தான் நிற்கிறார்கள். அக்காவிடம் சொன்னேன். “கேட்கிறதைத்தானேம்மா வாங்கி வைக்க முடியும்” என்றார். நியாயம்தான். அதனால் இங்கே போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உள்ளறை அலமாரியையும் கேளுங்கள். பெண்கள் வேலை, படிப்பு, வீடு எல்லாவற்றோடும் காதலிக்கும் பழைய நாவல்கள் அங்கே இருக்கின்றன. கேட்டால்தான் எடுத்துத் தருவார்.

படித்ததற்கு அடையாளமாகக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறி போடுவது இங்கே பலருக்கும் வழக்கம். அம்மாவுடையது நடுவில் புள்ளி வைத்த ஒரு வட்டம். நான் கொண்டுவந்த எட்டில் அந்த நல்ல நாவல் ஒன்றில் மட்டும் வட்டம் இருந்தது. அதை இன்னும் பத்து நாள் வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்டார். மறுபடி 25 ரூபாய் கட்டினேன்.